கல்வராயன் மலையில் முதல் மண் பாதை: மார்கழி, தை மாதங்களுக்கான ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிவதாகத்தான் கணக்கு. ஆனால் கல்வராயன் மலையின் மண் அதற்கப்புறமும் பல நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நாலு நாள் வெயிலில் மேல்மண் வெளுத்துக் காய்ந்துவிடும், ஒரு சாண் கீழே சேறு அப்படியே இருக்கும். பழக்கப்பட்ட நண்பர்களோடு முதல்முறையாக மண் பாதையில் வண்டி ஓட்டக் கிளம்புகிறவர்கள் பொங்கல் கழியட்டும் என்று இருங்கள். அதன் பிறகும், மலையில் ஒரு வாரமாவது மழை இல்லை என்று தெரிந்தால் மட்டும் ஏறுங்கள்.

டிசம்பரிலேயே போயாக வேண்டும் என்று நண்பர்கள் நின்றால், 2024ஐ நினைவூட்டுங்கள். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கடலோரத்தோடு போகாமல், அடுத்த நாட்களில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஆகவே வானிலை மையத்தின் முன்னறிவிப்பில் கள்ளக்குறிச்சியோடு சேலத்தையும் திருவண்ணாமலையையும் பாருங்கள், மலை மாவட்ட எல்லையோடு நின்றுவிடுவதில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு. கச்சிராயபாளையம் பக்கத்துக் கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. அணை நிரம்பித் தண்ணீர் திறக்கிறார்கள் என்ற செய்தி வந்தால், மேலே ஓடைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அன்றைக்கு ஓடையில் வண்டி இறக்கும் பேச்சே வேண்டாம்.

வண்டியைப் பற்றி ஒரு சங்கடமான கேள்வி: உங்களுடையது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதானா? 2023 ஜனவரி முதல் மஹிந்திரா தார் வண்டி பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகையிலும் விற்பனையில் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. கியர் தண்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது தண்டு இல்லையென்றால், வண்டியைக் கள்ளக்குறிச்சியிலேயே நிறுத்திவிட்டு நண்பரின் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து அவர் எங்கே காலை எடுக்கிறார் என்று பார்ப்பது, தனியாக நாலு தடவை மாட்டிக்கொள்வதைவிட நல்ல படிப்பு.

பாதைத் தேர்வில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே வண்டியோடு நுழைவது குற்றம். வெள்ளிமலை, கரியாலூர் வரை தார்ச்சாலை உண்டு, அதிலிருந்து உள்ளே இருக்கும் ஊர்களுக்குப் பிரியும் மண் பாதைகள் சிலவும் காட்டு வழியாகவே போகின்றன. எந்தப் பாதை யாருடையது என்று முந்தின நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டா நிலத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டிப் பழகுவதே எனக்குப் பிடித்த வழி. மரவள்ளி பிடுங்கிய மேட்டுக்காடாகக் கிடைத்தால் முதல் பாடத்துக்கு அதுவே போதும்.

நாம் பொழுதுபோக்குக்குத் தேடிப் போகும் கரடுமுரடான பாதைதான் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வழி. ஈர மண்ணில் நாலு கனத்த வண்டிகள் சக்கரத்தைச் சுழலவிட்டுத் தோண்டிய பள்ளம் மாசி வெயிலில் கல்லாக இறுகிவிடும். அப்புறம் நிறைமாதப் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்து வருகிறவரின் மோட்டார் சைக்கிள்தான் அதில் சறுக்கும். சக்கரம் ஆழமாகப் புதையும் பாதையென்றால் திரும்பிவிடுங்கள். சாகசம் என்று பேர் வைத்து ஊரார் பாதையைக் கெடுக்க நமக்கு உரிமை கிடையாது.

ஓட்டும்போது வரிசையின் நடுவில் இருங்கள். முன்வண்டி ஏறி முடிக்கும்வரை பின்வண்டி அடியில் காத்திருக்க வேண்டும். மண்ணில் இறங்குமுன் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள், 18க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ஸ்டியரிங்கைக் கட்டைவிரல் உள்ளே நுழையாமல் பிடியுங்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெட்டித் திரும்பி விரலை முறிக்கும். இறக்கத்தில் லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தினால் ஈரக் களிமண்ணில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் வளைத்துத் திருப்பாதீர்கள், ரிவர்ஸ் கியரில் நேராக இறங்குங்கள். ஓடையில் யாராவது கோலோடு நடந்து பார்த்த பிறகே வண்டி இறங்கலாம். தண்ணீருக்குள் என்ஜின் நின்றுபோனால் மறுபடி சாவி போடாமல் கட்டி இழுத்து வெளியே எடுங்கள்.

கட்டி இழுப்பது என்றதும் எல்லோரும் கூடி நின்று கைதட்டுவார்கள். உயிர் போவது அங்கேதான். இழுக்கும் பெல்ட்டை வண்டிச் சட்டத்தில் பொருத்திய இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லருக்காகப் பின்னால் வைத்திருக்கும் உருண்டையில் மாட்டவே கூடாது. இழுவையில் அது பிய்ந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். பெல்ட்டின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிடுங்கள், அறுந்தாலும் வீச்சு குறையும். பெல்ட்டின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஓட்டுநர்களைத் தவிர ஆள் நிற்கக் கூடாது. செல்போனில் படம் எடுப்பவருக்கும் இதே விதிதான். உள்ளூர் டிராக்டர் வந்து இழுத்துவிட்டால், வந்தவருக்கு டீசல் காசோடு கூலியும் கொடுங்கள்.

களம் இல்லாத இடங்களில் சாமை, கொள்ளு, கேழ்வரகுத் தாளைச் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். ஏறிப் போகலாம், ஆனால் தாள் அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திக் குனிந்து பாருங்கள். போலீஸ் நிறுத்தினால் முகம் சுளிக்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு, மலையில் கேன்களோடு வரும் வெளியூர் வண்டியை அவர்கள் சோதிப்பது நியாயம்தான். டீசலைக் கேனில் சுமக்காமல் கீழேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாலை 4 மணிக்குத் தார்ச்சாலைக்கு வந்துவிடுங்கள், 6 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மலைச்சாலையில் இறங்குமுன் டயரில் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு கொண்டை ஊசி வளைவில் திரும்புவது ஆபத்து. பனிமூட்டத்தில் ஹைபீம் வெளிச்சம் முகத்திலேயே திரும்பி அடிக்கும், லோபீமில் வாருங்கள். கீழே கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் அந்தச் சாலையில் பின்விளக்கு இல்லாமல் கரும்பு டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும், டிரெய்லரைத் தாண்டிக் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் அன்றைக்கு எவ்வளவு நன்றாக ஓட்டியிருந்தாலும், கள்ளக்குறிச்சி வரையுள்ள அந்தக் கடைசித் தூரத்துக்கு ஸ்டியரிங்கை அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.