பலகடுவையில் மட்டும் விக்கிய கார்

பலாபத்வலயிலிருந்து மாத்தளை நகர்வரை அந்தக் கொரோலா 121 தங்கமான கார். ஏ9 வீதியில் வாசனைத் திரவியத் தோட்டங்களைக் கடந்து, அளுவிகாரையைத் தாண்டி, நகர நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றுகூடத் தெரியாது. நகரத்தைக் கடந்து கண்டிப் பக்கம் பலகடுவ ஏற்றம் தொடங்கினால்தான் அதற்கு விக்கல் எடுக்கும். மிதியை அழுத்த அழுத்த ‘டுக்... டுக்’கென்று பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். ஏற்றம் முடிந்து அலவத்துகொடைப் பக்கம் இறங்கும்போது மறுபடியும் சாதுவாகிவிடும்.

அதன் சொந்தக்காரர்தான் இதை எழுதுபவர். தன்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திச் சொன்னால்தான் செய்த முட்டாள்தனம் சரியாகத் தெரிகிறது; ஆகவே இனி அவர் வெறும் ‘சொந்தக்காரர்’.

சொந்தக்காரர் முதலில் பெற்றோலைச் சந்தேகித்தார். 92 அடிப்பதை விட்டு 95 அடித்தார். விக்கல் போகவில்லை. போகவும் வாய்ப்பில்லை. ஒக்டேன் எண் என்பது பெற்றோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறனைச் சொல்வது. பொறியே விழாத சிலிண்டருக்கு அது எந்த வகையிலும் உதவாது. அடுத்து டாங்கியில் ஊற்றும் சுத்திகரிப்பு மருந்துப் போத்தல் ஒன்று. பிறகு எயார் ஃபில்டர். பிறகு நாலு ப்ளக். ஒவ்வொரு தடவையும் பலாபத்வலக்குள் ஓட்டிப் பார்த்து, ‘ஆ, சரியாயிட்டுது’ என்று வீட்டில் அறிவிப்பார். மட்டத்தில் ஓட்டிப் பார்த்தால் அது எப்போதுமே சரியாகத்தான் இருக்கும்!

காரை விற்றுத் தொலைத்துவிட்டு வேறு வாங்குவதும் லேசாக இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருபது வயதுக் கார்களுக்குக்கூட மவுசு ஏறிவிட்டது. இருப்பதைப் பேணிக்கொள்வதுதான் வழி.

கடைசியில் அவர் போய் நின்றது, ஊரிலேயே, தகரக் கூரை போட்ட ஒரு கராஜில். அங்கே மெக்கானிக் பாஸுக்கு அறுபது வயதிருக்கும். பொனட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

“ஏத்தத்தில மிஸ் ஆகுதா, நின்ன இடத்தில ஆகுதா?”

“ஏத்தத்தில மட்டும்தான்.”

“மழைக்குக் கூடுதா?”

யோசித்தபோது, கூடியதுதான். மாத்தளையில் அடை மழை பெய்யும் டிசம்பரில்தான் முதன்முதலாகத் தொடங்கியதும்.

“முந்தி எந்தக் கொயில் மாத்தினீங்க, தம்பி?”

இந்தக் கேள்வி சொந்தக்காரரைத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு மாதத்துக்கு முன் வெளியூர் கராஜ் ஒன்றில் மூன்றாம் கொயிலை மாற்றியிருந்தார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பாஸின் கேள்விகளில் கணக்கு இருந்தது. இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தலைக்கு மேலேயே ஒரு கொயில். பற்றரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி ப்ளக்குக்குக் கொடுப்பது அதன் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், ஒரு சிலிண்டரில் மட்டும் செக்கனுக்கு 25 தடவை பொறி விழவேண்டும். மட்டத்தில் மிதியை லேசாகத் தொடும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் குறைவு. பொறி சுலபமாகத் தாவிவிடும். ஏற்றத்தில் மிதியை அழுத்தினால் காற்றும் பெற்றோலும் நிறையப் புகுந்து அமுக்கம் கூடுகிறது. அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அப்போது கொயிலின் றப்பரில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போதும்: மின்சாரம் ப்ளக்கின் நுனிக்குப் போகாமல், பக்கத்திலிருக்கும் உலோகத்துக்குக் குறுக்குவழியில் பாய்ந்துவிடும். ஈரம் இருந்தால் அந்தக் குறுக்குவழி இன்னும் இலகு.

நாலு கொயிலையும் நாலு ப்ளக்கையும் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளில் வரிசை மாறாமல் அடுக்கினார் பாஸ். இந்த வரிசைதான் முக்கியம். குவித்துப் போட்டால் எது எந்தச் சிலிண்டரின் சாட்சி என்று தெரியாது. முதல், இரண்டாம், நாலாம் ப்ளக்குகளின் நுனி வெளிர் பழுப்பு, அது ஆரோக்கியம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். ஈரமான கறுப்பு என்றால் உள்ளே ஒயில் எரிகிறது. ஒரு ப்ளக் மட்டும் மற்றவற்றைவிடக் கழுவி வைத்ததுபோல் இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் ஹெட் கெஸ்கட்டைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது ப்ளக்கின் நுனியைவிட அதன் வெள்ளைப் பீங்கான்தான் கதை சொன்னது. மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறியதுபோல் ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் வெளியே பாய்ந்த பாதை. பீங்கானைச் சுற்றி இரும்போடு சேரும் இடத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை, அது சாதாரணம். நெடுக்காக ஓடும் கோடுதான் குற்றவாளி. கொயிலின் றப்பர்க் குழாயோ ஒயிலில் ஊறி உப்பியிருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் மூன்றாம் ப்ளக் குழியின் அடியில் ஒயில் பளபளத்தது.

“கொயில் சாகல்ல, தம்பி. கொன்டிருக்கு.”

கொன்றது டெப்பட் கவர் பெக்கிங். வயதாகி இறுகிப்போன அந்த றப்பர் வழியே ஒயில் ப்ளக் குழிக்குள் கசிந்து, புதுக் கொயிலின் றப்பரையும் எட்டு மாதத்தில் தின்றுவிட்டது. முன்பு மாற்றியவர்கள் கொயிலை மாற்றினார்கள், குழியைப் பார்க்கவில்லை. பெக்கிங்கை மாற்றி, குழியைத் துடைத்துக் காயவைத்து, மூன்றாம் இடத்துக்குப் புதுக் கொயிலும் ப்ளக்கும் போட்டார் பாஸ். ப்ளக் எண்ணின் கடைசியில் வரும் 11 என்பது 1.1 மில்லிமீற்றர் இடைவெளி என்று அன்றுதான் சொந்தக்காரருக்குத் தெரியவந்தது. இடைவெளி கூடிய ப்ளக்கைப் போட்டால் கொயில் இன்னும் கஷ்டப்படும்.

அதே மதியம் ஒரு நிசான் சன்னி வந்தது. இதற்கு நேர்மாறான நோய்: சிவப்பு விளக்கில் நின்றால் நடுக்கம், ஓடத் தொடங்கினால் சுகம். பாஸ் கொயில் பக்கமே போகவில்லை. காற்றை அளக்கும் சென்சருக்குப் பின்னால் ஒரு சிறிய றப்பர்க் குழாய் வெடித்திருந்தது. எஞ்சின் சும்மா ஓடும்போது உள்ளே போவதே கொஞ்சக் காற்று. அதில் கணக்கில் வராத காற்று கலந்தால் கலவை மெலிந்துவிடும். வேகத்தில் நிறையக் காற்றுப் போகும்போது அந்தக் கசிவு ஒரு பொருட்டல்ல.

நடுக்கம் விடாமல் இருந்தால், ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றிப் பார்ப்பது பழைய வழி. கழற்றியும் எஞ்சின் சத்தம் மாறவில்லையா, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்தது. ஓடும் எஞ்சினில் ப்ளக் வயரைக் கையால் பிடுங்கும் வீரம் வேண்டாம். ஷொக் அடிக்கும், எரியாத பெற்றோலும் புகைக்குழாய்க்குள் போகும். ஸ்கேனர் இருந்தால் அது காட்டும் கோளாறு எண்களில் பி0302 என்பது இரண்டாம் சிலிண்டர், பி0303 மூன்றாவது, பி0300 எங்கென்று நிலையில்லாதது. எண்ணைக் கண்டதும் கடைக்கு ஓடாமல், அந்தக் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடலாம். எண்ணும் கூடவே நகர்ந்தால் கொயில்தான். நகராவிட்டால் ப்ளக், பிறகு இன்ஜெக்டர், அதற்குப் பிறகே கொம்பிரஷன். கொம்பிரஷன் குறைவான சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கெஸ்கட்.

எஞ்சின் விளக்கு எரிவதற்கும் மினுங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. மினுங்கினால் எரியாத பெற்றோல் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள் போய் எரிகிறது, உள்ளிருக்கும் செராமிக் தேன்கூடு உருகக்கூடும் என்று அர்த்தம். பலகடுவ உச்சிவரை போய்ப் பார்ப்போம் என்று ஓட்டக்கூடாது. மிதியை விட்டு, ஓரமாக நிறுத்தவேண்டும்.

பெற்றோலைச் சந்தேகிக்கவே கூடாதென்றில்லை. 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களில் கான்களில் சேர்த்து வைத்ததை ஊற்றியவர்கள் உண்டு. கானில் தண்ணீர் இருந்தால் அது பெற்றோலைவிடக் கனம், டாங்கியின் அடியில் தங்கும். பம்ப் இழுப்பதும் அடியிலிருந்துதான். ஆனால் அது ஒரு சிலிண்டரைத் தேடிப் பிடித்து வதைக்காது, எல்லாவற்றையும் திணறடிக்கும்.

கொரோலாவைச் சரிசெய்த மறுநாள் பாஸையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, பலகடுவ ஏறினார் சொந்தக்காரர். அலவத்துகொடையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

இப்போது ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் நாலு கொயிலையும் தூக்கிக் குழிக்குள் டோர்ச் அடிக்கிறார். போன தடவை மூன்றாம் குழி காய்ந்திருந்தது. நாலாவதில் ஏதோ மினுங்கியதுபோல் பட்டது. குச்சியில் துணி சுற்றி ஒற்றிப் பார்த்தார், கறை இல்லை.