இரு தேசங்களின் குடும்பச் செலவு

ஒரு தேசத்து ஜனங்களின் வாழ்க்கை நிலையை அறிய, அவர்கள் செலவிடும் வகையே நல்ல சாட்சியாகும்.

இந்தியக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, 2023-24ஆம் வருஷத்தில் கிராமவாசி ஒருவரின் மாதச் செலவு சராசரி 4,122 ரூபாய். அதில் நூற்றுக்கு 47 பங்கு ஆகாரத்திற்கே சென்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2023ஆம் வருஷத்தில் குடும்பம் ஒன்றின் வருஷச் செலவு சராசரி 77,280 டாலர். அதில் ஆகாரத்திற்கு நூற்றுக்கு 13 பங்கே, வீட்டிற்கு 33, போக்குவரத்திற்கு 17.

இவற்றை ஒப்பிடுமுன் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. அளவு ஒன்றாயிருத்தல் வேண்டும். அமெரிக்கக் குடும்பத்தில் சராசரி இரண்டரை நபர்கள். ஆகவே, நபர் ஒருவருக்கு மாதம் 2,576 டாலர் ஆகிறது.

2. நாணய மாற்று விகிதம் மட்டும் போதாது. அவ்வருஷம் ஒரு டாலர் சுமார் 82 ரூபாய்க்கு மாறியது. ஆயினும் அங்கே ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளை இங்கே சுமார் 20 ரூபாய்க்கே வாங்கலாம். முதற்கணக்கில் 2 லட்சத்திற்கு மேற்படும் தொகை, இரண்டாவதில் சுமார் 50,000 ரூபாயாகிறது.

3. எவை சேர்க்கப்பட்டன என்பதை நோக்குதல் வேண்டும். இந்தியக் கணக்கில் சொந்த நிலத்து விளைபொருளை உண்டாலும் அதற்கு விலை மதிக்கப்படுகிறது. அமெரிக்கக் கணக்கில் ஓய்வூதியத்திற்குச் செலுத்தும் பணமும் செலவாகவே எழுதப்படுகிறது.

வருமானம் உயர உயர, ஆகாரத்திற்குச் செல்லும் பங்கு குறையும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியல் நிபுணர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் எடுத்துக் காட்டினார். நம் கிராமங்களிலும் 1999-2000இல் 59ஆக இருந்த பங்கே 2023-24இல் 47ஆயிற்று.

வேப்பனப்பள்ளியில் நால்வர் கொண்ட ஒரு குடியானவர் குடும்பம் மேற்கண்ட சராசரிப்படி செலவிடுவதாகக் கொள்ளலாம். மாதச் செலவு 16,488 ரூபாய். ஆகாரம் போக நிற்பது சுமார் 8,700. பள்ளிச் செலவு, துணிமணி, மருந்து, ஓசூர் செல்லும் பஸ் கட்டணம் யாவும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு வியாதியோ விவாகமோ வந்தால் அது போதாது. வட்டிக்கடை வாசலே கதியாகும்.

அதற்காக ஆகாரத்தைக் குறைத்தல் சிக்கனமன்று. உழைக்கும் உடலை அது கெடுக்கும். ஆகையால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் பன்னிரண்டு மாதத்திற்கு வீட்டுக் கணக்கு எழுதுவாராக. களத்திலிருந்து வீட்டிற்கு வந்த ராகியையும் விலை மதித்துச் சேர்த்து, நூற்றுக்கு எத்தனை எதற்குப் போயிற்று என்று வகுத்துப் பார்க்கட்டும். தம் கணக்கை அறிந்தவரே சங்கத்தில் தம்மால் திருப்பக்கூடிய கடனைக் கேட்பார், தவணையும் தவறார்.