கேட்கத் தெரிந்த நண்பன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீட்டில் இரண்டாவது தடவையும் மதிப்பெண் போதாமல் உன் கூட்டாளி அறையைவிட்டு வெளியே வருவதில்லை, போனை எடுப்பதில்லை, "நம்பிக்கையா இருடா" என்றால் எரிந்து விழுகிறான், அவனிடம் என்னதான் சொல்வது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அவன் எரிந்து விழுந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கஷ்ட காலத்தில் அந்த வாக்கியத்தை எனக்கும் நிறையப் பேர் சொன்னார்கள். சொன்னவர்களுக்குத்தான் அதில் நிம்மதி.

பொங்கல் விடுமுறையில் நாம் சேர்ந்து பார்த்தோமே, 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்', அதை நினைத்துக்கொள். ஃபிராங்க் டாராபான்ட் இயக்கி 1994-ல் வந்தது. ஏழு ஆஸ்கர் விருதுகளுக்குப் பரிந்துரையாகி ஒன்றுகூட வாங்கவில்லை, தியேட்டரிலும் ஓடவில்லை. அப்புறம் வீடியோவிலும் டிவியிலும் பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அந்தப் படம் என்றாலே சிறைக்கைதி ஆண்டி சுவரைக் குடைந்ததையும், கழிவுநீர்க் குழாயில் 500 கெஜம் ஊர்ந்து தப்பியதையும், மழையில் கைகளை விரித்து நின்றதையும்தான் எல்லோரும் சொல்வார்கள். போஸ்டருக்கு ஏற்ற காட்சிதான். ஆனால் உன் கூட்டாளியிடம் போய்ப் பத்தொன்பது வருஷம் பொறுமையாகச் சுவரைச் சுரண்டினான் பார் என்றால், மூன்றாவது தடவையும் நீட் எழுதச் சொல்கிறாய் என்றுதான் நினைப்பான்.

அந்தப் படத்தில் நீ கவனிக்க வேண்டியது ஆண்டியோடு சிறையில் இருந்த ப்ரூக்ஸும் ரெட்டும்.

ப்ரூக்ஸ் 1905-ல் உள்ளே போனவர். நூலகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு காக்கைக் குஞ்சைச் சட்டைக்குள் வைத்து வளர்த்துக்கொண்டு, சிறைக்குள் மரியாதையோடு வாழ்ந்தார். ஐம்பது வருஷம் கழித்து விடுதலை என்றதும் பயந்துபோய்ச் சக கைதியின் கழுத்தில் கத்தியை வைக்கிறார், குற்றம் செய்தால் உள்ளேயே இருக்கவிடுவார்கள் என்று. வெளியே அரசாங்கம் அவருக்கு ஓர் அறையும், மளிகைக் கடையில் சாமான்களைப் பையில் போட்டுக்கொடுக்கும் வேலையும் தந்தது. அதற்குமேல் அவர் எதற்கும் யாருக்கும் தேவைப்படவில்லை. அறையின் உத்தரத்தில் தன் பெயரைச் செதுக்கிவிட்டு உயிரை விட்டார்.

பல வருஷம் கழித்து, நாற்பதாண்டுச் சிறைவாசம் முடிந்து ரெட் வெளியே வருகிறார். அதே அறை, அதே மளிகைக் கடை, தலைக்குமேல் அதே உத்தரம். ரெட்டும் துணிச்சல்காரர் இல்லை. நம்பிக்கை என்பதே ஆபத்தான சமாச்சாரம், மனுஷனைப் பைத்தியமாக்கிவிடும் என்று ஆண்டியிடம் வாதாடியவர். வெளியே போனால் தன்னால் பிழைக்க முடியாது என்று சொன்னவர். ஆனால் அவர் சாகவில்லை. ஏன் என்று படமே சொல்லிவிடுகிறது: ஆண்டிக்குக் கொடுத்த ஒரு வாக்கு பாக்கி இருந்தது. பக்ஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி, நீளமான கல்சுவர், அதன் கோடியில் ஒரு பெரிய ஓக் மரம். அங்கே இருக்கவே நியாயமில்லாத ஒரு கறுப்புக் கல்லைத் தேடி, அதன் அடியில் புதைத்திருப்பதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வாக்கு. அடகுக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் துப்பாக்கிகளும் ஒரு திசைகாட்டியும் இருக்கின்றன. அவர் திசைகாட்டியை வாங்கிக்கொண்டு புறப்படுகிறார்.

கல்லுக்கு அடியில் பணத்தோடு ஒரு கடிதமும் இருந்ததே, அதில் ஆண்டி ரெட்டைத் தேற்றுகிறானா? நம்பிக்கையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்கிறான், உண்மை. கூடவே, தன் காரியத்துக்கு ஒரு நல்ல ஆள் தேவைப்படுகிறது, வர முடியுமா என்று கேட்கிறான். இவர்கள் சிநேகம் தொடங்கியதே இப்படித்தான். பாறை கொத்தும் சின்னச் சுத்தியல் ஒன்று வேண்டும், தருவித்துத் தர முடியுமா என்று கேட்டுத்தான் ஆண்டி முதன்முதலில் ரெட்டிடம் வந்தான். ரெட் பத்து டாலர் விலை சொன்னார். முதல் நாளிலிருந்து கடைசிவரை ஆண்டி அந்த மனிதரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தான். உன்னால் ஆகும் என்று நம்பிக் கேட்டான். நம்பிக்கையை அவன் ரெட்டுக்குள் கொண்டுபோய் வைத்த வழி அது என்று நினைக்கிறேன்.

ஆண்டி தனக்கும் அதையேதான் செய்துகொண்டான். நூலகத்துக்குப் பணம் கேட்டு மாநில செனட்டுக்கு வாரம் ஒரு கடிதம், ஆறு வருஷம். கடைசியில் 200 டாலரும் பழைய புத்தகங்களும் அனுப்பி, இனிமேல் எழுதாதே என்றார்கள். அவன் வாரத்துக்கு இரண்டாக எழுத ஆரம்பித்தான். அந்தக் காட்சியில் நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒருநாள் ஆண்டியின் பேச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது. அன்றைக்கு அவன் ஆறடிக் கயிறு வாங்கிப் போனதாகச் சக கைதி ஹேவுட் சொல்கிறான். எல்லோருக்கும் திக்கென்கிறது. ஆனால் இரவில் அவரவர் அறை பூட்டியாகிவிட்டது. ரெட்டால் விடியும்வரை விழித்திருக்கத்தான் முடிந்தது. உன்னை யாரும் பூட்டிவைக்கவில்லை. உன் கூட்டாளியின் பேச்சில் உயிர்மேல் வெறுப்பு தட்டினால் உடனே அவன் அப்பா அம்மாவிடமும் என்னிடமும் சொல். நண்பனுக்காக ரகசியம் காக்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதே. டாக்டரிடம் கூட்டிப்போவது எங்கள் பொறுப்பு. அப்புறம் அவன் உன்னிடம் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. படத்துக்கு மூலமான, ஸ்டீபன் கிங் 1982-ல் வெளியிட்ட குறுநாவல், ரெட் எல்லையைத் தாண்டி ஆண்டியிடம் போய்ச் சேர வேண்டுமே என்ற தவிப்போடு நின்றுவிடும். டாராபான்டும் ரெட் பேருந்தில் போவதோடு முடிக்கத்தான் நினைத்திருந்தார். கடற்கரையில் இருவரும் சந்திக்கிற காட்சி தயாரிப்பு நிறுவனம் கேட்டதால் வந்தது. நான் பேருந்துக் கட்சி. போய்ச் சேருவாரா என்று தெரியாமலே கிளம்புகிறவர்தான் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். உனக்குக் கடற்கரைதான் பிடிக்கும் என்று தெரியும். உன் வயதில் எனக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். உன் தங்கைக்கு பிளஸ் ஒன் இயற்பியல் தலைகால் புரியவில்லை என்று அக்கா போனில் புலம்பினாள். உன் கூட்டாளி அதில் புலி என்று நீதானே சொல்வாய்? ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போ. ரிசல்ட் பற்றி நீயாக வாயைத் திறக்காதே. வாரம் இரண்டு நாள் வந்து அவளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேள். மாட்டேன் என்றால் அடுத்த வாரமும் போய்க் கேள். ஒப்புக்குக் கேட்கிறாய் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. அவளுடைய காலாண்டுத் தேர்வு விடைத்தாளையும் கையோடு எடுத்துப் போ. அதைப் பார்த்தால் அவனே நம்பிவிடுவான்.

அன்புடன்,
மாமா