பழைய மர இழைப்புளி: பார்த்து வாங்கி, மறுபடி இழைக்க வைப்பது எப்படி?

பிரிட்டனின் பழம்பொருள் சந்தைகளிலும் ஏலங்களிலும் 19-ஆம் நூற்றாண்டின் பீச் மர இழைப்புளிகள் இன்றும் கிடைக்கின்றன. கிளாஸ்கோவின் மேத்தீசன், நாரிச்சின் கிரிஃபித்ஸ் போன்ற தயாரிப்பாளர்களின் முத்திரை கட்டையின் முன்முகத்தில் இருக்கும். அருகிலேயே அந்த இழைப்புளியை வைத்திருந்த தச்சர்களின் பெயரும் பெரும்பாலும் பதிந்திருக்கும். அவற்றை இழைத்து அழித்துவிடாதீர்கள். கட்டை பளபளக்க வேண்டியதில்லை, வேலை செய்தால் போதும். முதன்முதலில் வாங்குபவருக்கு 14 முதல் 17 அங்குல நீளமுள்ள ஜாக் இழைப்புளி பொருத்தமானது.

வாங்கும்போது

1. அலகு: முதலில் இதைப் பாருங்கள். பழைய அலகு இரண்டு அடுக்கு கொண்டது: மென்மையான தேனிரும்பின் முகத்தில் மெல்லிய எஃகுத் தகடு ஒட்டியிருக்கும். சரிவு முகத்தைத் துடைத்தால் இரண்டும் சேரும் கோடு தெரியும். எஃகு அலகின் முழு நீளத்துக்கும் இருக்காது. எனவே திருகுத் துளைக்கும் வெட்டுமுனைக்கும் நடுவே ஓர் அங்குலமாவது மிஞ்சியிருக்க வேண்டும். மேலோட்டமான துரு போய்விடும். எஃகு முகத்தில், முனையருகே குழி விழுந்திருந்தால் வாங்காதீர்கள்.

2. கட்டை: உளுத்த துளைகள் நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள். அலகின் இருபுறக் கன்னங்களில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மரம் அகலவாட்டில் சுருங்கும், இரும்பு சுருங்காது. இறுக்கமாக இருக்கும் அலகு கன்னத்தைப் பிளந்துவிடும்.

3. ஆப்பு: கட்டைக்கு உரிய ஆப்பு கூடவே இருக்கட்டும்.

சீர்செய்யும்போது

1. கட்டையின் முன்பக்க மேற்பரப்பைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள், ஆப்பு தளரும். சிறிய இழைப்புளியானால் பின்முனையில் தட்டுங்கள். ஆப்பைப் பக்கவாட்டில் அடிக்கக் கூடாது.

2. துருப்பிடித்த அலகை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள். சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள்.

3. கட்டையைத் துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறிந்தால் தானாகவே தீப்பற்றலாம். விரித்துக் காயவிடுங்கள்.

4. அடிப்பரப்பைச் சமன்செய்யும்போது அலகை உள்ளிழுத்து, ஆப்பை வழக்கம்போல் இறுக்கியே வையுங்கள். ஆப்பின் அழுத்தத்தால் கட்டை சற்று வளையும். கழற்றிவிட்டுச் சமன்செய்தால், மாட்டியதும் சமம் கெட்டுவிடும். கண்ணாடிப் பலகையில் 80-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, அடியில் குறுக்கே பென்சில் கோடுகள் போட்டுத் தேயுங்கள். அலகு வெளிவரும் வாயின் முன்பக்கமும் கட்டையின் இரு முனைகளும் சமமானால் நிறுத்துங்கள். அடி தேயத் தேய வாய் அகலமாகும்.

5. அலகின் தட்டை முகத்தை முனையருகே சாணைக்கல்லில் சமமாக்குங்கள். சரிவை 25 பாகையில் சாணை பிடித்து, முனையை 30 பாகையில் தீட்டிப் பிசிரை எடுங்கள்.

6. அலகின் முகத்தோடு சேர்த்துத் திருகப்படும் மேல்தகட்டை முனைக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னால் வைத்துத் திருகுங்கள். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது.

7. அலகைப் பொருத்தி ஆப்பை மெல்லத் தட்டுங்கள். அலகின் தலையில் சிறு சுத்தியலால் தட்டினால் முனை இறங்கும்.

சீவல் வாயில் அடைத்தால், ஆப்பின் நுனிகள் கட்டையோடு ஒட்டி உட்கார்கின்றனவா, மேல்தகட்டின் கீழே சீவல் நுழைகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும். வாய் மிக அகலமாகிவிட்டால், அதன் முன்னே கடினமரத் துண்டைப் பதித்து ஒட்டினால் சரியாகும்.