மாடியில் ஓர் அறை: கட்டும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மட்டாஞ்சேரியில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், மகனின் திருமணத்தை முன்னிட்டு மாடியில் ஓர் அறை எழுப்பக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வந்தார். நிலம் 3 சென்ட்; பத்திரம் அவர் பெயரில் உள்ளது. சொத்து வரியில் பாக்கியில்லை. ஓய்வூதியம் எங்கள் வங்கியிலேயே வரவு வைக்கப்படுகிறது. ஒப்பந்தக்காரருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். “எல்லாம் தயார் சார், கடன் ஒன்றுதான் பாக்கி” என்றார். ஆனால் அனுமதி பெற்ற வரைபடம் மட்டும் அவரிடம் இல்லை.

“ஆண்டுதோறும் வரி வாங்குகிறார்களே, அதுவே அனுமதிதானே?” என்று அவர் கேட்டார். நம்மில் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. அனுமதியின்றி எழுந்த கட்டடத்துக்கும் உள்ளாட்சி அமைப்பு வரி விதிக்க முடியும். கேரளத்தில் அத்தகைய கட்டடங்களுக்குத் தனிக் குறியிட்ட எண் வழங்கப்படுகிறது. வரி ரசீது வரி செலுத்தியதற்கு மட்டுமே சான்று. கட்டடம் முறையானது என்பதற்கு அது சான்றாகாது. ஆகவே வீட்டை விரிவாக்க எண்ணும் ஒவ்வொருவரும் பணத்தைக் கணக்கிடும் முன்பு மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதற்கேள்வி: செய்யப்போகும் வேலை எத்தகையது?

கொச்சி மாநகராட்சி எல்லைக்குள் 2019ஆம் ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. வண்ணம் பூசுதல், பூச்சு வேலை, சிறு பழுதுபார்ப்பு, கதவு சன்னல் அமைத்தல் அல்லது அகற்றுதல், கட்டமைப்பைப் பாதிக்காத தடுப்புகளை மாற்றுதல் ஆகியவற்றுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை. புதிய அறை, கூடுதல் தளம், பின்புறம் நீட்டிய சமையலறை போன்றவை யாவும் விரிவாக்கம் ஆகும். இவற்றுக்கு முன் அனுமதி கட்டாயம். மழைக்காக மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டுவிட்டுப் பின்னர் நாற்புறமும் சுவர் எழுப்பினால், அதுவும் தளப்பரப்பில் சேர்ந்துவிடும்.

அனுமதியின்றிக் கட்டினால், கேரள நகராட்சிச் சட்டத்தின் 406ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்கவும், இடிக்க உத்தரவிடவும் மாநகராட்சிச் செயலாளருக்கு அதிகாரம் உண்டு.

இரண்டாம் கேள்வி: நிலம் எவ்வளவு தாங்கும்?

விதிகள் முதன்மையாக மூன்று அளவுகளைப் பார்க்கின்றன. நிலத்தில் எவ்வளவு பங்கைக் கட்டடம் அடைத்துக்கொள்கிறது என்பது ஒன்று. எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு என்பது மற்றொன்று. இதைத் தளப்பரப்புக் குறியீடு என்பர். சாலையிலிருந்தும் பக்கத்து எல்லைகளிலிருந்தும் விட வேண்டிய திறந்தவெளி மூன்றாவது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1 சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். 3 சென்ட் நிலம் ஏறத்தாழ 121.4 சதுர மீட்டர். கீழ்த்தளம் 60 சதுர மீட்டர் எனில், கட்டடம் நிலத்தில் 49.4 விழுக்காட்டை அடைக்கிறது. மேலே 45 சதுர மீட்டர் கட்டினால் இந்த விழுக்காடு மாறாது. ஆனால் மொத்தத் தளப்பரப்பு 105 சதுர மீட்டராகி, தளப்பரப்புக் குறியீடு 0.49இலிருந்து 0.86ஆக உயர்கிறது. அதே 45 சதுர மீட்டரைக் கீழேயே பக்கவாட்டில் நீட்டினால், நிலத்தில் 86 விழுக்காடு அடைபட்டுத் திறந்தவெளி ஏறக்குறைய இல்லாமற்போகும். மாடிக்கு இடமுள்ள நிலத்தில் பக்கவாட்டு விரிவாக்கத்துக்கு இடமில்லாமல் போவது இதனால்தான்.

நெருக்கமான மனைகள் மிகுந்த மட்டாஞ்சேரிக்கு ஓர் ஆறுதல் உண்டு. 125 சதுர மீட்டருக்கு மிகாத சிறு மனைகளுக்கு விதிகளில் தனி அத்தியாயம் இருக்கிறது. திறந்தவெளி முதலியவற்றில் அது சில தளர்வுகளை அளிக்கிறது. மேற்கண்ட 3 சென்ட் நிலம் அந்த வரம்புக்குள் அடங்கும்.

மொத்தப் பரப்பு 300 சதுர மீட்டருக்கும் 2 தளங்களுக்கும் மிகாத வீடுகளுக்கு, உரிமம் பெற்ற பொறியாளரும் உரிமையாளரும் தாமே சான்றளித்து அனுமதி பெறும் முறை கேரளத்தில் உள்ளது. 2024 ஜனவரி 1 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் கே-ஸ்மார்ட் இணையத் தளத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். இம்முறையில் அனுமதி விரைவாகக் கிடைக்கும். ஆயினும் சான்றளித்த விவரம் பொய்யானால் அதன் பொறுப்பு முழுவதும் உரிமையாளரையும் பொறியாளரையுமே சாரும். அனுமதி 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

மூன்றாம் கேள்வி: வீடு எங்கே இருக்கிறது?

அளவு சரியாக இருந்தாலும் இடம் குறுக்கே நிற்கலாம். மட்டாஞ்சேரி அரண்மனை மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்படி, இத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ செய்யப்படும் விரிவாக்கத்தையும் ‘கட்டுமானம்’ என்றே அச்சட்டம் வரையறுக்கிறது. எனவே 100 மீட்டருக்குள் மாடி அறைக்கு இடமில்லை. 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே உள்ள வீடாயின், தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் முறையான இசைவுடன் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் இயலும். மீறினால் 2 ஆண்டுவரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் முன் அனுமதி பெற்றுக் கட்டலாம்.

காயலை ஒட்டிய வீடுகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். நகர்ப்புற மண்டலத்தில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்புறமாக அமையும் கட்டடங்களே அனுமதிக்கப்படும். நீர்ப்புறமாக முன்னேற முடியாது. 2019 அறிவிக்கையின்படி, சொந்தக் குடியிருப்புக்கான 300 சதுர மீட்டர்வரையிலான வீட்டுக்கு உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் அளிக்கலாம். ஆயினும் மண்டல விதிகளைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும்.

இதைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குக் கொச்சியை ஒட்டிய மரடு சாட்சி. 2006இல் அன்றைய ஊராட்சி அளித்த அனுமதியின் பேரில் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கடலோர மண்டல விதிகளின்படியான இசைவு பெறப்படவில்லை. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை அகற்ற உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் நான்கு குடியிருப்புகள் தகர்க்கப்பட்டன. உள்ளாட்சியின் அனுமதித்தாள் கையில் இருந்தும், பெற வேண்டிய மற்றோர் இசைவு இல்லாமையால் வீடுகள் மண்ணாயின.

வரியும் கடனும்

கேரளக் கட்டட வரிச் சட்டம், 1975இன்படி 100 சதுர மீட்டருக்கு மிகாத குடியிருப்புக்கு ஒருமுறை செலுத்தும் கட்டட வரி இல்லை. மேற்கண்ட கணக்கில் 60 சதுர மீட்டர் வீடு 105 ஆனதும் அந்த விலக்கு நீங்கிவிடுகிறது. விரிவாக்கத்துக்குப் பின் மொத்தப் பரப்புக்கு வரி கணக்கிட்டு, முன்பு செலுத்திய வரி இருந்தால் கழிப்பார்கள். 278.7 சதுர மீட்டரை, அதாவது 3,000 சதுர அடியை, எட்டும் வீட்டுக்கு ஆண்டுதோறும் தனி வரியும் உண்டு. ஓர் அறையை 5 சதுர மீட்டர் குறைத்துத் திட்டமிடுவதால் இத்தகைய வரம்பைத் தாண்டாமல் இருக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேட்பது நல்லது.

வங்கியின் நிலையும் தெளிவானது. 2006 நவம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கட்டுமானக் கடனுக்கு அனுமதி பெற்ற வரைபடமும், அதை மீறமாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரமும் தேவை. அனுமதியற்ற கட்டடத்தின் பேரில் கடன் வழங்கக் கூடாது. கட்டி முடித்த கட்டடத்தை ஈடாக ஏற்கும் முன்பு நிறைவுச் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பர் 17 அன்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வரைபடத்தில் இல்லாத ஒரு சமையலறை, முறையாகக் கட்டிய முழு வீட்டின் ஈட்டு மதிப்பையும் விற்பனையையும் முடக்கிவிடக்கூடும்.

ஆகவே வரிசை இதுவாக இருக்கட்டும்: பழைய அனுமதி வரைபடத்தைத் தேடி எடுத்தல், இப்போதுள்ள வீட்டை அளந்து அதனுடன் ஒப்பிடுதல், நினைவுச் சின்னத்திலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் உள்ள தொலைவை அறிதல், அனுமதி பெறுதல், மதிப்பீட்டுடன் வங்கிக்கு வருதல். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் தருவது இவை அனைத்துக்கும் பின்னரே.

முதலில் கூறிய வாடிக்கையாளரின் வீட்டைப் பொறியாளர் அளந்து பார்த்தார். நிலக் கணக்கின்படி மாடி அறைக்குத் தடையில்லை. ஆனால் வீடு அரண்மனை எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தது. மாடித் திட்டத்தை அவர் கைவிட்டார். கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதியே திரும்பக் கிடைத்தது. பின்னர் உரிய இசைவைப் பெற்று, இருக்கும் சுவர்களுக்குள்ளேயே கூடத்தைத் தடுத்து மகனுக்கு ஓர் அறை அமைத்தார். அந்தப் புதுப்பிப்புக்குக் கடனும் பெற்றார். திருமணம் குறித்த நாளில் நடந்தது. “முதலிலேயே கேட்டிருக்கலாம் சார்” என்றார். அந்த முன்பணம் உங்களுக்கும் இழப்பாகிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.