குடிபுகுந்த சொற்கள்

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்தம் பிரெஞ்சு மொழி அரசவையிலும் வழக்கு மன்றங்களிலும் வீற்றிருந்தது. அன்று தொடங்கி ஆங்கிலத்தில் குடிபுகுந்த பிரெஞ்சுச் சொற்கள் எண்ணில.

நாற்காலியைக் குறிக்கும் ‘சேர்’ அவற்றுள் ஒன்று. அதன் முதலொலி ‘அச்சம்’ என்பதன் சகரம் போன்றது. தலைமைச் சமையற்காரரைக் குறிக்கும் ‘ஷெஃப்’ என்பதற்கும் முதலெழுத்துகள் அவையே, ஒலியோ வேறு. பழைய பிரெஞ்சில் அவ்வெழுத்துகள் சகரமாகவே ஒலித்தன, பின்னரே ஷகரமாயின. முன்னர் வந்த சொல் பழைய ஒலியைக் காத்தது. 19ஆம் நூற்றாண்டில் வந்தது புதிய ஒலியைக் கொணர்ந்தது. வடசொற்களைத் தற்சமம், தற்பவம் என வகுத்தறிந்த மாணவர்க்கு இவ்வேறுபாடு வியப்பளிக்காது.

மூலிகையை இங்கிலாந்தார் ‘ஹெர்ப்’ என்பர். அமெரிக்கர் ஹகரமின்றி ‘எர்ப்’ என்பர். இதனைக் கேட்டு நகைக்கும் இங்கிலாந்தாரும் உளர். ஆயினும் அவர்தம் முன்னோர் ஒலித்ததும் அவ்வாறே! இலத்தீன் மூலத்தைக் கருதி ஹகரம் முதலில் எழுத்தில் ஏறியது. 19ஆம் நூற்றாண்டிலேதான் அவர்கள் நாவில் நிலைத்தது. நகைப்புக்குரியதாகக் கருதப்பட்டதே பழைய வழக்கு.

எலும்பு நீக்கிய மீன்துண்டு இங்கிலாந்தில் ‘ஃபில்லிட்’, அமெரிக்காவில் ‘ஃபிலே’.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியோடு வந்தது, வண்டிக் கொட்டகையின் பெயர். அதனை இங்கிலாந்திலேயே சிலர் ‘கேரிட்ஜ்’ என்பர்; சிலர் ‘கேராஷ்’ என்பர். ஒலிப்பைக் கொண்டு குடிப்பிறப்பை அளக்கும் வழக்கம் அந்நாட்டில் நெடுங்காலம் இருந்தமையால், இச்சிறு சொல்லைச் சொல்லவும் நாணினோர் உண்டு. அகராதிகளோ இரண்டினையும் ஏற்றுள்ளன.