உயிர்ச்சத்து 'ஈ' எங்கே இருக்கிறது?

எங்களுள் சிலர் மருந்துக் கடையில் பச்சை நிறக் கேப்சூல் வாங்கி, ஊசியால் குத்தி, உள்ளிருக்கும் எண்ணெயை முகத்தில் தடவி வந்தோம். வேறு சிலர் நாள்தோறும் ஒன்றை விழுங்கவும் செய்தனர். முகம் பளபளக்கும் என்று யாரோ சொன்னதே காரணம்! ஒருத்திக்குப் பளபளப்புக்குப் பதிலாக அரிப்பும் தடிப்பும் வந்தன. அதன் பிறகுதான், இந்த உயிர்ச்சத்து 'ஈ' என்ன செய்கிறது என்று மனையியல் வகுப்பில் கேட்டோம்.

இதைக் கண்டறிய உதவியவை எலிகள். 1922-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸ் என்பவரும் காதரின் பிஷப் அம்மையாரும் பால் புரதம், மாவு, பன்றிக்கொழுப்பு முதலியவை கொண்ட உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தனர். எலிகள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் கருவுற்றவற்றின் குட்டிகள் வயிற்றிலேயே இறந்தன. லெட்யூஸ் கீரையையும், பின்னர் கோதுமையின் முளைக்கருவையும் சேர்த்தபோது குட்டிகள் உயிரோடு பிறந்தன. 1936-இல் இச்சத்தைத் தனியே பிரித்தவர்கள், மகப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 'டோக்கோபெரால்' என்று பெயரிட்டனர்.

நம் வீட்டில் நெடுநாள் திறந்திருக்கும் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அறிவோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பைக் கெடுப்பதே அதற்குக் காரணம். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள மெல்லிய சவ்விலும் கொழுப்பு உண்டு. அது அவ்வாறு கெடாதபடி தடுத்து நிற்பது இச்சத்துதான்.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் போதும். ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 2 மில்லிகிராமுக்குக் குறையாது. கீரைகளிலும் உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. பலகாரம் பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சினால் உள்ளதும் அழியும். உடல் பருக்குமென்று எண்ணெயை அறவே ஒதுக்கும் தோழியரும் கவனிக்க வேண்டும்: இச்சத்து கொழுப்பில் கரைவது. உணவில் சிறிதும் கொழுப்பில்லையேல் குடல் இதைச் சரியாக உறிஞ்சாது.

கேப்சூலிலோ ஒரு நாள் தேவையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் இருப்பதுண்டு. அளவு மிகுந்தால் இரத்தம் உறைவது தடைப்படலாம். கொழுப்பை உறிஞ்ச இயலாத நோயுள்ளவர்களுக்கு அது தேவைப்படும். அதை மருத்துவரே சொல்லட்டும்.

இப்போது எங்கள் வகுப்பில் இடைவேளைக்கு வறுத்த வேர்க்கடலை வருகிறது. மணி அடிக்குமுன் தீர்ந்தும் விடுகிறது!